மார்ல்விக் மாளிகையின் கூரை

கெலோனா, கனடா
4 செப்டம்பர் 1955

அன்புள்ள ஹெஸ்டர் அக்காவுக்கு,

இங்கே நான் சுகம். ஆப்பிள் மரங்கள் என்னைவிடச் சுகம்; பாரம் தாங்காத கிளைகளுக்கெல்லாம் முட்டுக்கொடுத்து நிறுத்தியிருக்கிறோம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? குளிர் வருவதற்குள் டாக்டரிடம் காட்டிவிடு.

நேரே விஷயத்துக்கு வருகிறேன். மார்ல்விக்கை இடித்துவிடுவதென்று முடிவு செய்துவிட்டேன். போரின்போது பட்டாளம் வந்து குடியிருந்துவிட்டுப் போனதிலிருந்து அந்த வீடு எழுந்திருக்கவே இல்லை. பாதி அறைகளில் பூஞ்சை. உன்னையும் சமையல்கார டேப்லி அம்மாளையும் தவிர அங்கே ஆள் கிடையாது. நம் பக்கத்தில் வருஷத்துக்கு ஒரு மாளிகையாவது விழுகிறது. நாம் மட்டும் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பது?

ஷ்ரூஸ்பரியில் பிராடக் என்று ஒரு காண்டிராக்டர். ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. கழற்றி விற்கக்கூடியதெல்லாம் முதலில் ஏலத்துக்குப் போகும். புத்தாண்டு பிறந்ததும் கூரையிலிருக்கும் ஈயத் தகடுகளை உரிப்பார்கள். கூரை போய்விட்டால் மழை உள்ளே இறங்கிவிடும், அப்புறம் யார் நினைத்தாலும் காப்பாற்ற முடியாது. அதனால் அதுவரை மனம் மாற அவகாசம் உண்டு என்று வக்கீல் எழுதியிருக்கிறார். என் மனம் மாறாது.

நீ போர்ன்மத்தில் கான்ஸ்டன்ஸ் அத்தையோடு இருந்துகொள்ளலாம். கேட்டாகிவிட்டது. அத்தைக்கும் நாய்களை உலாவக் கூட்டிப்போக ஓர் ஆள் வேண்டுமாம்.

ஏலத்தின்போது நீ கூடவே இரு. ஊர்க்காரர்கள் முன்னால் நம் வீட்டார் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அன்புத் தம்பி,
லயனல்

—

மார்ல்விக் ஹால், ஷ்ராப்ஷயர்
15 செப்டம்பர் 1955

அன்புள்ள லயனலுக்கு,

நான் நலம். இத்தனை மாடிப்படிகளும் போகப்போகின்றன என்று கேள்விப்பட்டதும் முழங்காலும் நலமாகிவிட்டது. டேப்லி அம்மாள் வழக்கம்போல் எல்லார் மேலும் கோபமாக இருக்கிறாள், அதாவது ஆரோக்கியமாக இருக்கிறாள். நீ ஏணியில் ஏறும்போது பார்த்து ஏறு.

உன் கடிதத்தைக் காலைச் சாப்பாட்டு மேஜையில் படித்தேன். படித்துவிட்டு இன்னொரு துண்டு ரொட்டியை வாட்டிச் சாப்பிட்டேன். நேற்று நல்ல மழை. நானும் டேப்லி அம்மாளும் வாளிகளைத் தூக்கிக்கொண்டு மேல்தளத்து நீள மாடத்தில் ஓடினோம். எந்த வாளி எந்த ஒழுகலுக்கு என்பதில் எங்களுக்குள் இப்போது சண்டையே வருவதில்லை.

உன் பிராடக் வந்தார். நேரே முன்வாசலில் வந்து நின்றார். வேலைக்காரர்கள் பின்வாசலுக்குத்தான் வர வேண்டும் என்று டேப்லி அம்மாள் முறைத்தாள். "இந்த வாசலத்தானம்மா கழட்டப் போறேன். பாக்காம எப்படிக் கழட்டுறது?" என்று தொப்பியைக் கழற்றிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். கூடத்துத் தூண்களைத் தடவிப் பார்த்து, "அடேயப்பா, எல்லாம் சலவைக்கல்லு" என்றார். சலவைக்கல் மாதிரி பூசிய சாந்து, அவ்வளவுதான் என்று நான் உண்மையைச் சொல்லிவிட்டேன். பாவம், அவர் முகம் விழுந்துவிட்டது. "இதை நீங்க ஏலத்துக்கு அப்புறமா சொல்லியிருக்கலாம்" என்றார். நான் சிரித்த சிரிப்பு மாடிவரை கேட்டிருக்கும்.

அத்தைக்கு என் அன்பைச் சொல். நாய்களுக்கும்.

உன் அக்கா,
ஹெஸ்டர்

—

மார்ல்விக் ஹால்
22 அக்டோபர் 1955

அன்புள்ள லயனலுக்கு,

நலம், நலமறிய ஆசை. இரும ஆரம்பித்திருந்தேன், ஏலத்தில் கத்திப் பேசியதில் அதுவும் போய்விட்டது.

ஏலம் முடிந்தது. நீ வந்திருக்க வேண்டும். தாத்தா காலத்தில் இளவரசர் வந்தபோதுகூட இவ்வளவு கூட்டம் வந்திருக்காது. பெரிய மாடிப்படி அமெரிக்க ஹோட்டல் ஒன்றுக்குப் போகிறது. படிக்குப் படி எண் எழுதி, வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடுக்கினார்கள். கைப்பிடிக் கம்பத்து உச்சியில் இருந்த மரக் கழுகை மட்டும் மறந்துவிட்டார்கள். நானே ஓடிப்போய் லாரியில் ஏற்றினேன். நடனக் கூடத்துக் கண்ணாடிகளைச் சினிமாக்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள். அந்தக் கூடத்தின் கதவுகளை யார் வாங்கினார் தெரியுமா? நம் குத்தகைக்காரர் பியூ. மாட்டுக் கொட்டிலுக்காம்.

"பசுமாட்டுக்கு எதுக்குய்யா தங்கப்பூச்சுக் கதவுன்னு என் சம்சாரம் கேக்கறா மிஸ். காத்து உள்ள வராதுல்ல, அது போதும் எனக்கு" என்றார்.

கதவை அவர் வண்டியில் ஏற்ற நானும் ஒரு கை கொடுத்தேன். ஊர்ப் பெண்கள் என்னைப் பார்த்து, "மிஸ் எவ்ளோ தைரியமா நிக்கறாங்க பாரு" என்று கிசுகிசுத்தார்கள். எனக்குக் கால்தான் வலித்தது.

ஒரு விண்ணப்பம். காய்கறித் தோட்டத்துச் சுவரோரம் தோட்டக்காரர் வீடு சும்மாதான் கிடக்கிறது. இரண்டு படுக்கையறை, தாழ்ந்த கூரை, தெற்குப் பார்த்த ஜன்னல்கள். அடுப்பைப் பற்றவைத்தால் வீடு முழுக்கச் சூடாகிவிடும். அதை எனக்குக் கொடு. போர்ன்மத் வேண்டாம். நாய்களை நான் கடிக்கும்படி ஆகிவிடும்.

உன் அக்கா,
ஹெஸ்டர்

—

கெலோனா
3 நவம்பர் 1955

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உன் இருமல் நின்றதில் மகிழ்ச்சி. அறுவடை முடிந்தது. இந்த மரங்கள் என்னைப் பணக்காரனாக்கிவிடும் போலிருக்கிறது.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை சிரித்தேன். இரண்டாம் முறை சிரிக்க முடியவில்லை. அம்மா இறந்த வாரம் நீ எனக்குப் பள்ளிக்கூடத்துக்கு எழுதிய கடிதம் நினைவுக்கு வந்தது. பக்கம் பக்கமாக வாத்துகளைப் பற்றி எழுதியிருந்தாய்.

மாடிப்படியை எப்படி எடுத்தார்கள் என்று இன்னும் கொஞ்சம் எழுது. நீள மாடத்து மரப்பலகைகள் யாரிடம் போயின? நடுக்கூடத்து விதானத்தை என்ன செய்கிறார்கள்?

தம்பி,
லயனல்

—

மார்ல்விக் ஹால்
25 நவம்பர் 1955

அன்புள்ள லயனலுக்கு,

இங்கே எல்லாரும் நலம். அங்கே திடீரென்று கடுங்குளிர் என்று செய்தித்தாளில் போட்டிருந்தார்கள். நீ எப்படி இருக்கிறாய்? உன் மரங்கள் எப்படி இருக்கின்றன?

விதானத்தைக் கேட்டாய். அதை விற்க முடியாதாம். சாந்தில் செய்து அங்கேயே ஒட்டியது, இறக்க வழியில்லை, உடைக்கத்தான் வேண்டும் என்று பிராடக் சொல்லிவிட்டார். நேற்று மேஜை நாற்காலியெல்லாம் போய்விட்ட நடுக்கூடத்தில் தரையில் மல்லாந்து படுத்து அதைப் பார்த்தேன். திராட்சைக் கொத்துகள், வயலின்கள், கன்னம் உப்பிய காற்றுத் தேவதைகள். மூலையில் ஒரு தேவதைக்கு ஆறு விரல். உனக்குத் தெரியுமா? எனக்கு நேற்றுத்தான் தெரியும்.

டேப்லி அம்மாள் அலறிக்கொண்டு வந்தாள். "ஐயோ மிஸ், விழுந்துட்டீங்களா?"

"இல்ல, பாத்துக்கிட்டிருக்கேன்."

"பொறந்ததுலேருந்து பாக்காததா?"

"பொறந்ததுலேருந்து தூசி தட்டிக்கிட்டுல்ல இருந்தேன்" என்றேன். அவளும் மெதுவாகப் பக்கத்தில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தாள். இந்த நாட்டில் இதைவிட அழகான விதானம் இருக்காது, லயனல். அதைச் செய்தவன் கைக்கு முத்தம் கொடுக்கலாம்.

புத்தாண்டுக்கு அப்புறம் சாரம் கட்டிக் கூரையில் ஏறுகிறார்கள். தோட்டக்காரர் வீட்டைப் பற்றிக் கேட்டிருந்தேன். நீ பதில் எழுதவில்லை. மறந்திருப்பாய். மறுபடியும் கேட்கிறேன்: அது எனக்கு வேண்டும். வெங்காயம் எங்கே நடுவது என்றுகூட முடிவு செய்துவிட்டேன்.

உன் அக்கா,
ஹெஸ்டர்

—

கெலோனா
9 ஜனவரி 1956

அன்புள்ள அக்காவுக்கு,

புத்தாண்டு வாழ்த்துகள். தாமதத்துக்கு மன்னித்துக்கொள். நான் நலம். இங்கே குளிர் கொஞ்சம் அதிகம்.

இன்று உனக்குத் தந்தி கொடுத்திருக்கிறேன். இந்தக் கடிதம் வருவதற்குள் கிடைத்திருக்கும். வேலையை நிறுத்து, வீடு உனக்கு, பத்திரம் வருகிறது என்று அதில் சொல்லியிருக்கிறேன். மார்ல்விக்கை இடிக்கப்போவதில்லை.

காரணம் நீதான். நம் குடும்பத்தில் யாருக்கு எவ்வளவு வலி என்பதை அவர்கள் எவ்வளவு கலகலப்பாக எழுதுகிறார்கள் என்பதை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். தொடையில் குண்டு பாய்ந்து படுத்திருந்தபோது அப்பா ஆஸ்பத்திரி புட்டிங்கைக் கிண்டல் செய்து நாலு பக்கம் எழுதினார். காலியான வீட்டில் வெறுந்தரையில் படுத்து விதானத்தைப் பார்த்துவிட்டு, ஆறு விரல் என்று எனக்கு வேடிக்கை எழுதுகிறாய். என் கண்ணிலிருந்து மறைக்க முடியாது அக்கா. உன் மனம் உடைந்துகொண்டிருக்கிறது. நான் முரடன், அதைப் பார்க்காமல் இருந்துவிட்டேன்.

ஆகவே வீடு உனக்கு. உன் ஆயுள்வரை நீ அங்கேயே இருக்கலாம், யாரும் உன்னை வெளியே அனுப்ப முடியாது. பத்திரம் தயாராகிறது. பூஞ்சை பிடித்த பக்கத்தைப் பூட்டிவிட்டு முன்பக்கத்தை மட்டும் வைத்துக்கொள்ளலாம். தோட்டக்காரர் வீடெல்லாம் உனக்குத் தகுந்த இடமா? நீ மார்ல்விக்கின் மகள்.

என்றும் உன் தம்பி,
லயனல்

—

மார்ல்விக்
20 ஜனவரி 1956

அன்புள்ள லயனல்,

நலம். நீ நலமா என்று உன் கடிதத்திலிருந்து எனக்குத் தெரியவில்லை. மரங்களைப் பற்றிக் கேட்டேன், நீ சொல்லவில்லை.

கலகலப்பாக எழுதினால் வலி என்று நீ எடுத்துக்கொள்கிறாய். அதனால் இதைச் சிரிக்காமல் எழுதுகிறேன். கவனமாகப் படி.

நான் சிரித்தேன் என்று எழுதினால் சிரித்தேன் என்றுதான் அர்த்தம். மாடிப்படி லாரியில் போனபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தப் படியில் அம்மாவுக்கு வெந்நீர் தூக்கினேன், அப்பாவுக்குச் சாப்பாடு தூக்கினேன், பட்டாளத்து அதிகாரிகளுக்குப் போர்வை தூக்கினேன். நீ மூத்தவன் இல்லை, நான்தான் மூத்தவள். ஆனாலும் வீடு உனக்கு வந்தது, வாளி எனக்கு வந்தது. அதை ஒரு குறையாகக்கூட யாரும் சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். அந்த வீடு அழகானது, விதானம் போவதை நினைத்து உண்மையாகவே அழுதேன். அழுதுவிட்டு, போகட்டும் என்றுதான் நினைத்தேன். இரண்டும் ஒரே மனத்தில் இருக்கும் தம்பி. அதில் ஒன்றும் அதிசயமில்லை.

உன் தந்தி பத்தாம் தேதி காலையில் வந்தது. சாரம் கட்டியாகிவிட்டது, ஆட்கள் கீழே தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். தந்தியை மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டு சாரத்தின் வழியே கூரைக்கு ஏறினேன். முழங்கால் ஒரு வார்த்தை பேசவில்லை. அத்தனை புகைபோக்கிகளுக்கு நடுவில் நின்று பார்த்தேன். என் மொத்த வாழ்க்கையும் அந்தத் தகடுகளுக்கு அடியில்தான் இருந்தது. உன் பத்திரத்தில் நான் கையெழுத்துப் போட்டால் மிச்சமும் அங்கேதான் என்று புரிந்தது. நீ கொடுத்தது பரிசுதான். ஆனால் எனக்கு மூச்சு முட்டியது.

இறங்கிவந்து பிராடக்கிடம் மறைக்காமல் சொன்னேன். "நிறுத்தச் சொல்லி என் தம்பி தந்தி குடுத்திருக்கான்."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "உங்க பேருக்கா, என் பேருக்கா?"

"என் பேருக்கு."

"எனக்கு ஒண்ணும் வரலையே" என்றார். கூரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீங்க என்னம்மா சொல்றீங்க?"

என்னை இதுவரை யாரும் கேட்காத கேள்வி அது. அப்பா கேட்டதில்லை. பட்டாளம் கேட்டதில்லை. நீ இரண்டு தரம் நான் கேட்டும் பதில் சொன்னதில்லை.

"ஆரம்பிங்க" என்றேன்.

மதியத்துக்குள் கிழக்குப் பக்கத்துத் தகடுகள் இறங்கிவிட்டன. மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. நான் வாளி வைக்கவில்லை.

நீ கோர்ட்டுக்குப் போகலாம். பிராடக் மேல் தப்பில்லை, அவர் கேட்டார், ஆரம்பிக்கச் சொன்னது நான்தான். நான் எங்கேயும் ஓடிவிட மாட்டேன்.

உன் அக்கா,
ஹெஸ்டர்

—

தோட்டக்காரர் வீடு, மார்ல்விக்
2 ஏப்ரல் 1956

அன்புள்ள லயனல்,

உன்னிடமிருந்து கடிதமே இல்லை. நலம்தானா என்று ஒரு வரியாவது எழுது. கோபத்தோடு எழுதினாலும் பரவாயில்லை, நலமாக இருப்பவர்களுக்குத்தான் கோபம் வரும்.

மேலே இருக்கும் முகவரியைப் பார்த்திருப்பாய். உன் அனுமதி இல்லாமல்தான் குடிவந்தேன். டேப்லி அம்மாள் தன் தங்கை வீட்டுக்குப் போனாள். போன வாரமே திரும்பி வந்து, "அங்க யாருக்கும் முட்டை வேகவைக்கக்கூடத் தெரியல மிஸ்" என்று அடுப்படியில் நின்றுகொண்டாள்.

பெரிய வீட்டில் கீழ்த்தளத்துச் சுவர்கள் மட்டும் மிச்சம். வடக்கு முற்றத்தில் வெயில் விழுகிறது. அங்கே வெயில் விழுந்து நான் பார்த்ததே இல்லை.

பிராடக் அடுத்து ஹெரஃபோர்ட் பக்கம் ஒரு மாளிகையை எடுக்கிறார். எதை எப்படிக் கழற்றலாம், எது அசல், எது பூச்சு என்று பார்த்து ஏலப் புத்தகம் எழுத என்னைக் கூப்பிட்டிருக்கிறார். சம்பளத்துக்கு. அத்தைக்கு இதைச் சொன்னேன். பதிலுக்கு ஒரு நாயின் படம் அனுப்பியிருக்கிறாள்.

எழுது தம்பி.

ஹெஸ்டர்

—

கெலோனா
6 மே 1956

அன்புள்ள அக்காவுக்கு,

உன் ஜனவரிக் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பில் போட்டேன். இரண்டு மாதம் உன்னை மனத்துக்குள் திட்டிக்கொண்டே இருந்தேன். யாரைக் கேட்டு, யார் வீட்டை என்று. வக்கீலுக்குக்கூட ஒரு கடிதம் எழுதினேன். அனுப்பவில்லை.

மரங்களைக் கேட்டிருந்தாய். எல்லாம் செத்துவிட்டன. நவம்பரில் இலை உதிர்வதற்கு முன்பே உறைபனி விழுந்து பட்டைகள் வெடித்துவிட்டன. துளிர்க்கும் துளிர்க்கும் என்று வசந்தம்வரை பார்த்தேன். இப்போது வேரோடு தோண்டிக்கொண்டிருக்கிறேன். நீயே பார்த்துக்கொள், இதையெல்லாம் நான் உனக்கு எழுதவில்லை. "குளிர் கொஞ்சம் அதிகம்" என்று எழுதினேன்.

அக்கா, வீட்டை உனக்குக் கொடுக்கிறேன் என்று எழுதியது பாதிதான் உண்மை. இங்கே எனக்கு ஒன்றும் மிஞ்சாது என்று அப்போதே பயந்துவிட்டேன். திரும்பிப் போக மார்ல்விக் நிற்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. நீ அங்கே இருந்தால் நான் வரும்போது அடுப்பு எரிந்துகொண்டிருக்கும், நீ வாசலில் நிற்பாய் என்று நினைத்தேன். அதை எழுத வெட்கமாக இருந்தது. உன் துக்கம் என்று பெயர் வைத்து எழுதிவிட்டேன்.

தோற்றுப்போனவனாக வருகிறவனுக்கு ஒரு பெரிய வாசலாவது இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன். இப்போது எங்கே போவது என்று தெரியவில்லை. தோட்டக்காரர் வீடு உன்னுடையது, பத்திரத்தை அதற்கே எழுதச் சொல்லிவிட்டேன்.

லயனல்

—

தோட்டக்காரர் வீடு, மார்ல்விக்
17 மே 1956

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். நீ நலமில்லை என்று இப்போதுதான் எழுதியிருக்கிறாய், அதனால் எனக்கு நிம்மதி. மரங்களுக்காக வருத்தப்படுகிறேன். உன் கடிதத்தைப் படித்து அழுதேன், டேப்லி அம்மாள் முன்னாலேயே அழுதேன். அவள் பயந்துபோய்த் தேநீரில் உப்பைப் போட்டுவிட்டாள்.

எங்கே போவது என்றா கேட்கிறாய், மடையா? இரண்டு படுக்கையறை என்று போன வருஷமே எழுதினேனே. டேப்லி அம்மாளுக்கு அடுப்படி மேலே பரண் அறை இருக்கிறது, அதைவிட்டு அவள் இறங்கமாட்டாள். இரண்டாவது அறை உனக்கு. வாசல் சின்னதுதான், குனிந்துதான் வர வேண்டும். இங்கே தோற்றுப்போய் வந்தவன் என்று உன்னைப் பார்க்க யாருமில்லை. பியூவின் பசுக்கள்தான் தங்கக் கதவுக்குப் பின்னாலிருந்து பார்க்கும்.

வடக்கு முற்றத்து மண் இத்தனை காலம் நிழலில் சும்மா கிடந்த மண். நல்ல கறுப்பு. ஆப்பிள் வைக்கலாமா என்று எனக்குத் தெரியாது, உனக்குத் தெரியும். நான் வாரத்தில் பாதி நாள் பிராடக்கோடு ஊர் ஊராகப் போய்விடுவேன், அதனால் வாசலில் நின்று உன்னை வரவேற்பேன் என்று மட்டும் எதிர்பார்க்காதே. அடுப்பை நீயே பற்றவைத்துக்கொள். விறகு எங்கே இருக்கிறதென்று டேப்லி அம்மாள் காட்டுவாள்.

லட்லோவில் ரயிலைவிட்டு இறங்கி பஸ் பிடி. மில் தாண்டி மேட்டில் ஏறியதும் அந்த ஓக் மரத் திருப்பம் வரும். சின்ன வயதில் வண்டி அங்கே வந்ததும் அப்பா நம் இருவர் முதுகிலும் தட்டுவார், நினைவிருக்கிறதா? "நிமிந்து உக்காருங்க, வீடு தெரியுது" என்பார். எவ்வளவு தூரத்திலிருந்து வந்திருந்தாலும், எவ்வளவு தூக்கமாக இருந்தாலும் நாம் விறைத்துப்போய் உட்காருவோம்.

அந்தத் திருப்பத்தில் இப்போது மலையும் வானமும்தான் தெரிகின்றன. நீ களைத்துப்போய் வருவாய். சாய்ந்தே உட்கார்ந்து வா.

உன் அக்கா,
ஹெஸ்டர்